யாரைப் பார்த்துச் சிரித்தோம்?

கேமரன் மலையில் பொழுது சாய்ந்தால் பனி இறங்கிவிடும். நாம் சிறுவராயிருந்த காலத்தில், மாதத்திற்கொருமுறை தாப்பாவிலிருந்து மலையேறி வரும் படக்காரர், தோட்டத்துப் பந்தாட்டத் திடலில் இரண்டு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணியைக் கட்டி, இயந்திரத்தைச் சுழலவிடுவார். லயத்து மக்கள் யாவரும் சாக்கை விரித்து, கம்பளியைப் போர்த்துக்கொண்டு அமர்ந்திருப்பர். சில வேளைகளில் இயந்திரத்துக்கும் திரைக்கும் நடுவே பனி புகுந்துகொள்ளும். அப்போது உருவங்கள் மறைந்து குரல் மட்டும் கேட்கும். கதாநாயகன் மறைந்தால் மக்கள் கூச்சலிடுவார்கள். கதாநாயகி மறைந்தால் சீழ்க்கை அடிப்பார்கள். ஆனால் என். எஸ். கிருஷ்ணன் மறைந்தால் மட்டும் எவரும் வாய்திறப்பதில்லை. முகம் தெரியாவிட்டாலும் குரல் போதும் என்று, பனியைப் பார்த்தவாறே சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் குரலுக்கு உரியவரைப் பற்றியும், அவரிடம் பாடம் கேட்டும் கேளாதவராய் நாம் செய்த ஒரு பிழையைப் பற்றியும் இங்கு எழுதப் புகுகின்றோம். பிழையை மட்டும் எழுதினால் அது வெறும் புலம்பலாகும். அவரை மட்டும் எழுதினால் வெறும் புகழ்ச்சியாகும். இரண்டையும் சேர்த்து எழுதினால் வாசகத் தோழர்களுக்கு ஏதேனும் பிரயோஜனம் உண்டாகக்கூடும் என்பது நமது எண்ணம்.

ஒருவர் தனியாக மேடைமீது நின்று, வேடமின்றி, திரைச்சீலையின்றி, வாய்ச்சொல் ஒன்றாலேயே கூட்டத்தைச் சிரிக்கவைக்கும் கலை இன்று நகரங்களில் புதுமைபோலப் பேசப்படுகின்றது. கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் நம் இளைஞர்கள் அதற்கு ‘ஸ்டாண்ட்-அப் காமெடி’ என்று ஆங்கிலப் பெயரே வழங்குகின்றனர். பெயர் புதிதாயினும் வித்தை நமக்குப் புதிதன்று. வில்லுப்பாட்டுக்காரன் வில்லின்முன் அமர்ந்து கதை சொல்லுவான். பக்கத்திலிருப்பவன் ஆமாம் போடுவான். சமயத்தில் குறுக்குக் கேள்வியும் போடுவான். கேள்விக்கு விடை சொல்லும் சாக்கில் ஊர் நடப்பெல்லாம் உள்ளே வந்துவிடும். நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் இக்கலை கோயில் கொடைகளில் வளர்ந்தது. அந்த நாஞ்சில் நாட்டு நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில், 1908-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 29-ஆம் தேதி, சுடலைமுத்து – இசக்கியம்மாள் தம்பதிகளுக்குப் பிறந்தவரே தோழர் கிருஷ்ணன்.

வறுமை அவரைப் பள்ளிக்கூடத்தில் நெடுநாள் இருக்கவிடவில்லை. டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டும் வேலை பார்த்தார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். கொட்டகைக்குள் விற்கப் போனவர் மேடையை விட்டுக் கண்ணெடுக்க முடியாமற்போய், பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிற் சேர்ந்து நடிகரானார். நாடகத்திலிருந்து படத்துக்கு வந்தார். டி. கே. எஸ். குழுவின் ‘மேனகா’ 1935-லும், எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’ 1936-லும் வெளிவந்தன.

இந்தச் ‘சதி லீலாவதி’யைப் பற்றி நம்போன்ற தோட்டத்து மக்களுக்கு ஒரு தனி உரிமை உண்டு. குடிவெறியில் கொலைசெய்துவிட்டதாக நம்பிய கதாநாயகன் இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழைப்பதாக அதன் கதை செல்கின்றது. நகரத்துச் செல்வர்களையும் புராணத்துத் தேவர்களையுமே காட்டிவந்த தமிழ்ப் படத்தில், கொழுந்துக் கூடையும் கூலி வாழ்க்கையும் அவ்வளவு முன்னமேயே தலைகாட்டிவிட்டன. நம் மலையிலோ அப்போதுதான் தோட்டங்கள் தோன்றியிருந்தன. வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885-இல் இம்மலைப் பகுதிக்கு வந்தார். 1929-இல் ரஸ்ஸல் துரை ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டிக் கன்று நட்டவர்களுள் நம் முன்னோரும் இருந்தனர். ஆக, கிருஷ்ணனின் சினிமா வாழ்வும் நம் மலையின் தேயிலை வாழ்வும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வேர்விட்டவை.

அவர் வெறும் நடிகராக நின்றுவிடவில்லை என்பதே அவரது சிறப்பு. படத்தின் கதை வேறொருவருடையதாயிருக்கும். அதனுள் வரும் நகைச்சுவைப் பகுதியைக் கிருஷ்ணன் தம் குழுவினரோடு தாமே யோசித்து அமைப்பார். பாடுவார். நாடகக் குழு நடத்துவார். படம் எடுப்பார். ‘வசந்தசேனா’ படத்தின்போது அறிமுகமான டி. ஏ. மதுரத்தை வாழ்க்கைத் துணையாகவும் கலைத்துணையாகவும் கொண்டார். 1949-இல் அவருடைய ‘நல்லதம்பி’ வந்தது. அதற்கு எழுதியவர் அறிஞர் அண்ணா. 1951-இல் ‘மணமகள்’, 1952-இல் ‘பணம்’ ஆகிய படங்களைத் தாமே இயக்கினார். இரண்டுக்கும் திரைக்கதை வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. வில்லுப்பாட்டையும் அவர் கைவிடவில்லை. நெல்லைச் சீமையிலிருந்து சுப்பு ஆறுமுகம் என்ற இளைஞரை அழைத்துவந்து தமக்கு எழுதச் செய்தார். அந்த இளைஞர் பிற்காலத்தில் வில்லிசைக்கே பெயர்போனவராகிப் பத்மஸ்ரீ விருதும் பெற்று, 2022-இல் மறைந்தார். தாம் வளர்வதோடு நில்லாது பிறரையும் வளர்த்தார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

இனி நாம் சொல்லவந்ததற்கு வருவோம். ‘நல்லதம்பி’ படத்தில் கிந்தனார் கதாகாலட்சேபம் என்ற ஒரு பகுதி உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தை அறியாத தமிழர் இலர். நந்தன் தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்தவன். சிதம்பரம் செல்ல ஆசைப்பட்டான். தீயில் இறங்கியபின்புதான் அவனுக்குக் கோயிலின் உள்ளே இடம் கிடைத்தது. பக்தர்கள் இக்கதையைக் கேட்டுக் கண்ணீர் பெருக்குவார்கள். கண்ணீர் பெருக்கியபின் வீட்டுக்குப் போய், சேரியிலிருப்பவனை வாசலிலேயே நிறுத்துவார்கள். இந்த விந்தையைக் கிருஷ்ணன் கண்டார். உடுமலை நாராயணகவியின் துணையோடு நந்தனைக் கிந்தனாக்கினார். கிந்தனும் அதே குலத்தவன்தான். ஆனால் அவன் ஆசைப்படுவது சிதம்பரத்துக்கன்று, படிப்புக்கு. அவன் இறங்குவது தீயிலன்று, பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில். முடிவில் அவன் கல்வி அதிகாரியாகத் தன் ஊர்ப் பள்ளிக்கே மேற்பார்வைக்கு வருகின்றான். அன்று அவனை விரட்டிய ஊர் இன்று அவனை வரவேற்கின்றது.

பாகவதர்போல் நின்று, கையை அசைத்து, ராகம் இழுத்து, கிருஷ்ணன் இதைச் சொல்லும்போது திடல் முழுவதும் சிரித்தது. நம் பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, “இந்தப் பயலை நாளைக்கே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்” என்று தம் பேரனின் தலையைத் தடவினார். நூறு பிரசங்கம் செய்யமுடியாத காரியத்தை அரைமணி நேரச் சிரிப்புச் செய்துவிட்டது என்பதை அன்று கண்ணாற் கண்டோம். அதுமுதல், நாமும் ஒரு கிருஷ்ணன் ஆகவேண்டும் என்ற ஆசை நம்மைப் பற்றிக்கொண்டது.

சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியார் 1952-இல் தொடங்கிவைத்த தமிழர் திருநாள், சாதி சமய வேற்றுமையின்றித் தமிழர் எல்லாரும் கூடும் விழாவாக இந்நாட்டிலும் பரவியிருந்தது. 1966-ஆம் ஆண்டு நம் தோட்டத்திலும் அதைக் கொண்டாடத் தீர்மானித்தோம். நமக்கு அப்போது வயது 17. நாடகம் எழுதும் பொறுப்பும், அதில் நகைச்சுவைப் பாத்திரம் ஏற்கும் பொறுப்பும் நம்மிடம் வந்தன. பொருள் எது என்பதில் ஐயமே இல்லை. குடி!

குடி நம் சமூகத்தைத் தின்ற கதையை இங்கு விரிக்கத் தேவையில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்களது கோரிக்கைகளுள் ஒன்று. கெடாவில் 1946, 1947-ஆம் ஆண்டுகளில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளை எதிர்த்து எழுந்து அடிபட்டது. கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் கள்ளு. தென்னை வளராத நம் மலையில் சம்சு. பெயர்தான் வேறு, சம்பள நாளன்று லயத்தில் எழும் அழுகை ஒன்றே. ஆகவே நாம் செய்யப்போவது சீர்திருத்தப் பணி என்பதில் நமக்குக் கடுகளவும் சந்தேகம் இருக்கவில்லை. இவ்வாறு சந்தேகமே இல்லாதிருந்தது முதற் குற்றம் என்று இப்போது தோன்றுகின்றது.

பாத்திரத்துக்கு மாதிரி வேண்டுமே! மாதிரி எதிர்லயத்திலேயே இருந்தார். உரம் போடும் வேலை செய்பவர். நாம் ‘மாமா’ என்று அழைப்பவர். மாலையானால் குடிப்பார், குடித்தால் இங்கிலீஷில் துரைபோல் பேச முயல்வார், ஒரு காலைச் சாய்த்து இழுத்து நடப்பார். இம்மூன்றையும் எடுத்துக்கொண்டோம். பாத்திரத்துக்குத் ‘தள்ளாட்ட துரை’ என்று பெயரிட்டோம். அவர் அணியும் தொப்பியைப் போலவே ஒரு தொப்பியைத் தேடிப்பிடித்து அணிந்தோம்.

திருநாளன்று நாம் மேடையில் காலை இழுத்து நாலடி வைத்ததும் திடல் அதிர்ந்தது. யார் என்று சொல்லவேண்டியிருக்கவில்லை. மக்கள் சிரித்தார்கள், திரும்பி அவரைப் பார்த்தார்கள், மறுபடியும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த சிறுமிகளுள் அவருடைய மகளும் ஒருத்தி. ஐந்தாம் வகுப்பில் படிப்பவள். நம் இரண்டாவது காட்சி முடிவதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள். அவள் எழுந்ததை நாம் மேடையிலிருந்து கண்டோம். கண்டும், கைதட்டலை விட மனமில்லாமல், காலை இன்னும் சற்று அதிகமாகவே இழுத்தோம். இதை எழுதக் கை கூசுகின்றது. ஆயினும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் அவர் நம்மிடம் வந்தார். கோபம் இல்லை. நம் தோளில் கையை வைத்துச் சொன்னார்:

“தம்பி, நல்லாத்தான் நடிச்சே. நானும் சிரிச்சேன். ஆனா, இந்தக் காலைக் கொண்டுபோய்க் குடியிலே சேத்துட்டியே! இது குடிச்சு வந்த காலு இல்லேப்பா. நீ கைப்பிள்ளையா இருந்தப்போ கொழுந்து லாரி கவுந்துச்சு, அதிலே வந்தது. ராத்திரி வலி தாங்காது. அதுக்கப்புறந்தான் மத்ததெல்லாம்.”

இவ்வளவு சொல்லிவிட்டு, உரச்சாக்கைத் தோளிலே தூக்கிக்கொண்டு, அதே காலை இழுத்துக்கொண்டு மலைமேல் ஏறிப் போனார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது?

இதோடு முடிந்திருந்தால் இக்கட்டுரை தேவைப்பட்டிராது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்தச் சிறுமியைத் ‘துரைமகள்’ என்று கூப்பிடத் தொடங்கினர். அவள் வகுப்பிற்குள் நுழையும்போது யாரேனும் ஒருவன் காலை இழுத்து நடந்து காட்டுவானாம். சில நாட்களில் அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஆசிரியர் இருமுறை அவர்கள் லயத்துக்குப் போய் அழைத்தார். நாம் ஒருமுறையும் போகவில்லை. பிறகு அவள் ஆயாக் கொட்டகையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குத் துணையாகப் போனாள். வயது வந்ததும் கொழுந்துக் கூடையை முதுகில் ஏற்றினாள். வீட்டில் வறுமை இருந்தது, தாய் நோயாளி, நாம் நாடகம் போடாவிட்டாலும் அவள் படிப்பு நின்றிருக்கலாம். இவையெல்லாம் உண்மையே. ஆயினும் கணக்கை நேராகப் பார்ப்போமானால், கிருஷ்ணனின் சிரிப்பு ஒரு கிழவரின் பேரனைப் பள்ளிக்கு அனுப்பியது. நம் சிரிப்பு ஒரு பெண்ணைப் பள்ளியிலிருந்து வெளியேற்றியது. இரண்டும் அதே திடலில் நிகழ்ந்தன.

இவ்விரண்டுக்கும் வேற்றுமை யாது என்று நாம் பல ஆண்டுகள் யோசித்திருக்கின்றோம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினைச் சொல்லும்போது நகையையே முதலில் வைத்தார். அது பிறக்கும் இடங்களுள் எள்ளலையும் ஒன்றாகக் கூறினார். எள்ளுதல் இன்றி நகையே இல்லை என்று வாதிப்போர் இதனைக் காட்டுவர். எள்ளலாம், தடையில்லை. எதனை எள்ளுகின்றோம் என்பதே கேள்வி.

கிருஷ்ணன் எள்ளியது வழக்கத்தை. நாம் எள்ளியது மனிதரை. கிந்தனார் கதையைக் கேட்டு ஊரார் அனைவரும் சிரிக்கலாம், கிந்தனும் சிரிக்கலாம், அவனை விரட்டிய ஊராரும், உள்ளுக்குள் சற்றே சுருக்கென்றாலும், சிரிக்கலாம். அதில் தோற்பது சாதி ஒன்றே. நம் நாடகத்திலோ தோற்றது குடி அன்று. குடிக்கு ஒரு குறைவும் வரவில்லை. அன்றிரவும் சம்சு விற்கத்தான் செய்தது. தோற்றவர் ஒரு கால் ஊனமுற்ற தொழிலாளி. லாரி ஏன் கவிழ்ந்தது, கவிழ்ந்தபின் அவருக்கு வைத்தியம் என்ன நடந்தது, வலியோடு உரச்சாக்கைத் தூக்கச்செய்தவர் யார் என்ற கேள்விகளில் ஒன்றையேனும் நம் நாடகம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரிப்பு மேல்நோக்கிப் போயிருக்கும். மேல்நோக்கிச் சிரிக்கத் தைரியம் வேண்டும். பக்கத்து லயத்தானைப் பார்த்துச் சிரிக்க ஒரு தைரியமும் வேண்டியதில்லை.

இன்னொன்று. கிருஷ்ணன் அசட்டுப் பாத்திரத்தைத் தாமே ஏற்றார். ஏமாளியும் அவரே, பயந்தாங்கொள்ளியும் அவரே. மதுரத்தோடு வாதிடும் காட்சிகளிற் பெரும்பாலும் மதுரமே வெல்லுவார். கணவன் வாயடைத்து நிற்பான். பெண்ணை அடித்துச் சிரிப்பு வாங்குவதே வழக்கமாயிருந்த மேடையில் இது சிறிய காரியமன்று. அவருடைய காட்சிகள் யாவும் ஒரே தரத்தவை என்று நாம் சாதிக்க வரவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் உழைத்தவரிடம் பழைய சரக்கும் கலந்திருக்கத்தான் செய்யும். ஆயினும் அவர் ஒரு காட்சியைச் சொந்தமாய் நினைத்து அமைத்தபோதெல்லாம், அடியை முதலில் தம்மேல் வாங்கிக்கொண்டார்.

அரசியல் மேடையிலும் அவர் இம்முறையை விடவில்லை. 1957-ஆம் ஆண்டுத் தேர்தலில் அண்ணா காஞ்சிபுரத்தில் நின்றார். எதிர்த்து நின்றவர் ஊரறிந்த வைத்தியர். பிரசாரத்துக்குப் போன கிருஷ்ணன், அந்த வைத்தியரின் கைராசியையும் குணத்தையும் நெடுநேரம் புகழ்ந்தாராம். கூட்டத்தார் திகைத்தனர். கடைசியில், இப்பேர்ப்பட்ட வைத்தியரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் நமக்கு நோய் வந்தால் யாரிடம் போவது, ஆதலால் அவரை இங்கேயே வைத்துக்கொண்டு அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தாராம். இன்றைக்கும் தமிழ்நாட்டில் இக்கதையைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். அந்தத் தேர்தலில் அண்ணா வென்றார். வைத்தியரும் மானம் இழக்கவில்லை. எதிரியையும் தலைநிமிர்ந்து வீட்டுக்குப் போகவிடுவது எவ்வளவு பெரிய கலை என்பது, ஒரு தொழிலாளியைத் தலைகுனிய வைத்த நமக்கு நன்றாய் விளங்குகின்றது.

இத்தகைய மனிதரை வாழ்க்கை இலேசாக விட்டுவிடவில்லை. நடிகர்களின் சொந்த வாழ்வை இழிவாக எழுதிவந்த லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் 1944 நவம்பரில் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் பாடகர் எம். கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் டிசம்பரில் கைதாயினர். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று மீண்டும் சென்னை ஐகோர்ட்டுக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை பெற்றனர். சிறையிலிருந்த இரண்டரை ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலமும் மதுரமும் எஸ். வி. சகஸ்ரநாமமும் நாடகக் குழுவைக் கலையவிடாது காத்தனர். வழக்குச் செலவுக்காக ‘பைத்தியக்காரன்’ என்ற படத்தையும் எடுத்தனர். பாகவதரின் புகழ் விடுதலைக்குப்பின் பழையபடி திரும்பவில்லை. கிருஷ்ணனோ வெளியே வந்தபின்புதான் தம் சிறந்த வேலைகள் சிலவற்றைச் செய்தார். இகழ்ச்சியின் ருசியை அறிந்த பின்னரும் அவர் பிறரை இகழக் கற்றுக்கொள்ளவில்லை. நமக்கு அவரிடத்தில் மதிப்பு மிகுவது இதனாலேயே.

1955-இல் வந்த ‘முதல் தேதி’யில் சம்பளக்காரனின் மாதத்தைப் பாடினார். முதல் தேதி நிரம்பியிருக்கும் கை மாதக் கடைசிக்குள் எப்படிக் காலியாகின்றது என்பதைக் கேட்டு, தோட்டத்துச் சம்பளத்தில் வாழ்ந்த நம் தாய்மார் தம் கதையையே கேட்டதுபோல் தலையாட்டினார்கள். 1956-இல் ‘ராஜா ராணி’யில் சிரிப்பைப் பற்றியே பாடி, சிரிப்பின் வகைகளையெல்லாம் சிரித்தே காட்டினார். மறு ஆண்டு, 1957 ஆகஸ்டு மாதம் 30-ஆம் தேதி, வயது 49 நிறையுமுன்னமே மறைந்தார். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துவிட்டுப் போனதால் மிச்சம் ஏதும் இல்லை என்பர். சென்னையில் அவருக்குச் சிலை இருக்கின்றது. 1969 ஜனவரியில், தாம் மறைவதற்குச் சில நாட்களுக்குமுன், அண்ணா திறந்துவைத்தது. கலைவாணர் அரங்கம் என்று ஒரு மண்டபமும் அவர் பட்டப் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

சிலையும் மண்டபமும் ஒருபுறம் இருக்கட்டும். அவரது வித்தையை நாம் என்ன செய்தோம்? இன்று தமிழ்ப் படத்தின் நகைச்சுவையை எடுத்துப் பாருங்கள். கறுத்தவனைப் பார்த்துச் சிரிக்கின்றோம். பருத்தவளைப் பார்த்துச் சிரிக்கின்றோம். திக்கிப் பேசுகிறவனைப் பார்த்துச் சிரிக்கின்றோம். ஒருவன் அடிக்கிறான், ஒருவன் விழுகிறான், விழுந்தவன் ஏழையாயிருப்பான். நம் நகரத்து மேடைகளிலும் ‘தோட்டத்துப் பேச்சு’ என்று சொல்லித் தாத்தா பாட்டியின் தமிழைக் கோணலாக்கிக் கைதட்டல் வாங்குவோர் உளர். அவர்களைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமை இல்லை. 1966-இல் நாமும் அதையே செய்தோம். அவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லுவோம். உங்களுக்கு வாக்கு இருக்கின்றது, கூட்டம் இருக்கின்றது, எழுதவும் படம் எடுக்கவும் கருவி உள்ளங்கையிலேயே இருக்கின்றது. கிருஷ்ணனுக்கு இவற்றிற் பாதியும் இருக்கவில்லை. மேடை ஏறுமுன் ஒருமுறை முன்வரிசையைப் பாருங்கள். நீங்கள் சொல்லப்போவதைக் கேட்டு அங்கிருந்து எழுந்து போகும் பிள்ளை எவள் என்று ஒரு கணம் எண்ணுங்கள். பிறகு சொல்லுங்கள்.

தேயிலைத் தோட்டங்களில் இப்போது காட்சி மாறிவிட்டது. கையாற் கிள்ளிய கொழுந்தை இன்று கத்தரியும் இயந்திரமும் வெட்டுகின்றன. வங்காள தேசத்தாரும் நேபாளத்தாரும் இந்தோனேசியரும் நிரையில் நிற்கின்றனர். நம்மவரிற் பலர் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் இறங்கிப் போய்விட்டார்கள். எதிர்லயத்து மாமா மறைந்தும் நெடுங்காலம் ஆகின்றது.

சில ஆண்டுகளுக்குமுன் தானா ராத்தாவில் அவருடைய மகளைக் கண்டோம். காய்கறிக் கூடையோடு நின்றவள் நம்மை அடையாளங்கண்டு, “அண்ணே, நல்லா இருக்கீங்களா?” என்றாள். மகன் ஈப்போவில் ஆசிரியர் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லாதிருந்த மன்னிப்பை, அங்கே சாலையோரத்தில், ஆட்கள் போக வர, தட்டுத்தடுமாறிச் சொன்னோம். அவள் சற்று நேரம் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்பவும் நாடகம் போடுறீங்களாண்ணே?”

“இல்லையம்மா. அன்றோடு விட்டுவிட்டேன்.”

“ஏன் விட்டீங்க? போட்டிருக்கலாமே. எங்க அப்பாவை மட்டும் எடுத்துட்டா, அது நல்ல நாடகந்தான்.”

மன்னித்தாளா என்று நமக்குத் தெரியவில்லை; கேட்கவும் இல்லை. ஆனால் நகைச்சுவைக்கு இலக்கணம் எழுதச் சொன்னால் அவள் சொன்னதற்குமேல் எழுத நம்மிடம் ஒன்றும் இல்லை. நாடகத்தை விட்டுவிட்டதும் ஒரு கோழைத்தனமே என்பதும் அன்றுதான் நமக்கு உறைத்தது. பிழை செய்தவன் வாயை மூடிக்கொள்வதால் பிழை திருந்துவதில்லை. மனிதரை எடுத்துவிட்டு வழக்கத்தை வைத்து மறுபடி எழுதுவதே திருத்தம்.

வருகிற பொங்கலுக்கு, நம் பகுதியில் எஞ்சியிருக்கும் சில குடும்பங்களின் பிள்ளைகள் ஒரு சிறு நாடகம் கேட்டிருக்கின்றனர். எழுதத் தொடங்கியிருக்கின்றோம். அதில் ஒரு லாரி வருகின்றது. அது ஏன் கவிழ்ந்தது என்று ஒரு கோமாளி எல்லாரையும் கேட்டுக்கொண்டே போகின்றான். கோமாளியின் கால்கள் இரண்டும் நேராக இருக்கின்றன.